காட்டுக்குள் பூதத்தைப் பார்த்த ஓவியன்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



புளியமரத்துப் பேய், ஏரிக்கரை முனி, பனங்காட்டில் வாயைத் திறந்தால் நெருப்புக் கக்கும் கொள்ளிவாய்ப் பிசாசு... இவங்களை எல்லாம் தெரியாத ஆள் நம்ம விழுப்புரம் பக்கத்தில் உண்டா? எங்கள் திருவாமாத்தூர் என்ற பேரே ஒரு கதைதான். கொம்பில்லாத பசுக்கள் இங்கே தவமிருந்து கொம்பு வாங்கியதாகத் தல புராணம். இப்படிக் கதைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த முனியும் பேயும் எப்படி இருக்கும் என்று அன்போடு வரைந்து வைத்தவர் யார்? யோசித்துப் பாருங்கள், சட்டென்று ஒரு பேரும் வராது.

ஸ்வீடன் நாட்டுக்காரனைக் கேட்டால் உடனே ஒரு பேர் சொல்வான். ஜான் பவுவர்! அந்த மனிதரின் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பவுவர் 1882-ம் ஆண்டு ஜூன் 4-ம் தேதி யோன்ஷோப்பிங் என்ற ஊரில் பிறந்தார். வெட்டர்ன் என்ற மாபெரும் ஏரியின் தென்கோடியில் இருக்கிற ஊர் அது. அப்பா ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர். சந்தைத் திடலில் இறைச்சிக் கடை, மேலே வீடு. ஊரைத் தாண்டினால் ஸ்மோலாந்து காடு. வானத்தை மறைக்கும் ஊசியிலை மரங்கள், பாசி படர்ந்த பாறைகள், கருப்பாகத் தேங்கிய குட்டைகள். படிப்பில் அவருக்கு நாட்டமில்லை, நோட்டுப் புத்தகம் முழுக்கப் படம்தான். நம்ம வகுப்பிலும் கடைசி பெஞ்சில் இப்படி ஓர் ஆள் இருப்பானே!

பதினாறு வயதில் ஓவியம் படிக்கத் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் போனார். 1900-ல் அரசு கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது. எஸ்தர் எல்க்விஸ்ட் என்ற சக மாணவியைக் காதலித்து 1906-ல் கைப்பிடித்தார். அவருடைய படங்களில் வரும் பல இளவரசிகளுக்கு எஸ்தரின் முகச் சாயல் உண்டு.

அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? ஐரோப்பா முழுக்க ரயிலும் ஆலையும் பரவிய காலம். அந்தப் புகையில் தங்கள் காடும் கதையும் காணாமல் போய்விடுமோ என்ற பயம் ஸ்வீடன் கலைஞர்களுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1866-ல், ஆகஸ்ட் மால்ம்ஸ்த்ரோம் என்பவர் புல்வெளி மூடுபனியை ஆடிப்பாடும் மோகினிப் பெண்களாக வரைந்திருந்தார். 1884-ல் எர்ன்ஸ்ட் யோசெப்சன் அருவிக்குள் உட்கார்ந்து வயலின் வாசிக்கும் நீர்ப்பூதத்தை வரைந்தார். தேசிய அருங்காட்சியகம் அதை வேண்டாம் என்றது. ஓவியரான இளவரசர் யூஜென் வாங்கித் தன் மாளிகைச் சுவரிலேயே பதித்துக்கொண்டார்!

இந்த வழியில் வந்தவர்தான் பவுவர். 1904-ல் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்குப் போனார். அங்கே வாழும் சாமி பழங்குடி மக்களின் உடை, கத்தி, பை, குடிசை எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார், குறிப்பெழுதினார். பின்னால் அவர் வரைந்த பூதங்களுக்கு மாட்டிவிட்ட துணிமணிகளில் பாதி அங்கே பார்த்தவை. கற்பனை என்பது கண்ணை மூடிக்கொண்டு வருவதில்லை நண்பா, கண்ணைத் திறந்து பார்த்த பிறகு வருவது!

1907-ல் கிறிஸ்துமஸுக்காகக் குழந்தைகளுக்கு ஒரு கதைத் தொகுதி வந்தது. குட்டிச்சாத்தான்களுக்கும் பூதங்களுக்கும் நடுவே என்று அதற்குப் பேர். படங்கள் பவுவருடையவை. ட்ரோல் என்கிற அந்தக் காட்டுப் பூதம் அவர் கையில் பயங்கர உருவமாக வரவில்லை. பெரிய மூக்கு, தொங்கும் காது, அழுக்குத் துணி, கொஞ்சம் அசட்டுத்தனம், கொஞ்சம் சோகம். உற்றுப் பார்த்தால் பூதம் எது, பாசி பிடித்த பாறை எது என்று பிரிக்க முடியாது. காடே எழுந்து உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். முதல் தொகுதிகளில் முழு வண்ண அச்சு கூடக் கிடையாது, கருப்போடு இன்னொரு நிறம்தான். அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே இருட்டையும் வெளிச்சத்தையும் பிரித்துக் காட்டினார். முதலில் தபால் தலை அளவுக்குச் சின்னதாக வரைந்து பார்த்து, சரிவந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவது அவர் முறை. டிராயிங் ஹாலில் எடுத்த உடனே முழு ஷீட்டில் கோடு இழுத்து ரப்பரைத் தேய்க்கும் நமக்கெல்லாம் இது பாடம்!

1913-ல் வரைந்த ஒரு படம் ஸ்வீடனில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. டூவ்ஸ்டார் என்ற குட்டி இளவரசி, ஸ்குட் என்ற பெரிய கொம்புக் கடமான் மேலேறிக் காட்டுக்குள் போகிறாள். கிரீடம் போகிறது, உடை போகிறது. கடைசியில் கழுத்தில் கிடந்த தங்க இதயமும் குட்டையில் விழுந்துவிடுகிறது. அதைத் தேடித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கருத்த காடு, அதன் நடுவே வெள்ளையாக ஒரு சின்ன உருவம்... அவ்வளவுதான் படம். பார்த்தவனுக்கு மறக்காது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வரைந்த படங்கள் யாருக்குச் சொந்தம்? கூலி கொடுத்தாச்சு, எல்லாம் எங்களுக்கே என்றது பதிப்பகம். உரிமை எனக்கு வேண்டும் என்றார் பவுவர். மறுத்தார்கள். 1911-ம் வருஷத் தொகுதிக்கு அவர் வரையவில்லை. மறு வருஷம் பதிப்பகமே இறங்கி வந்தது! நாளைக்கு நீயும் நானும் ஏதோ ஒரு கம்பெனியில் ஒரு ஜிக்கோ ஒரு டிசைனோ போட்டுக் கொடுக்கும்போது, கீழே யார் பேர் இருக்கும் என்று கேட்கத் தோன்றுமா? அதற்காகவே இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் புகழே விலங்காகவும் ஆனது. பூதம் வரைகிற ஆள் என்று ஊர் முத்திரை குத்திவிட்டது. பெரிய சுவரோவியம், நாடக மேடை என்று அவர் மனசு வேறு பக்கம் போனது. 1915 தொகுதியோடு அந்த வேலையை நிறுத்திக்கொண்டார். அவர் எழுதிய ஒரு மலையரசன் கதை, அவர் இறந்த பிறகு 1923-ல், ஹ்யூகோ ஆல்ஃப்வேனின் இசையில் நாட்டிய நாடகமாக மேடை ஏறியது. வீட்டிலும் மனக்கசப்பு. காட்டுக்குள் இருந்த ஏரிக்கரை வீட்டில் எஸ்தருக்குத் தனிமை. 1915-ல் மகன் பெங்ட் பிறந்தான். ஸ்டாக்ஹோம் பக்கம் புது வீட்டில் புதுசாக வாழலாம் என்று மூவரும் கிளம்பினார்கள்.

1918 அக்டோபர் 1. யேட்டோ என்ற இடத்தில் மண் சரிந்து, தண்டவாளக் கரை இடிந்து, ரயில் கவிழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தப் பயத்தில் ரயிலை விட்டு ஏரி வழியே போக முடிவு செய்தார் பவுவர். பெர் பிராஹே என்ற நீராவிக் கப்பல். கீழ் அறை நிறைந்துபோய், தையல் மிஷின், அடுப்பு என்று இரும்புச் சாமான்களை மேல்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். ஒழுங்காகக் கட்டவும் இல்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த நமக்குத் தெரியும், பாரம் மேலே ஏற ஏற ஈர்ப்பு மையம் மேலே போகும், சாய்ந்த கப்பல் நிமிராது. நவம்பர் 20-ம் தேதி புயல் அடித்தது. சாமான்கள் சரிந்தன. துறைமுகத்தை நெருங்கும் நேரத்தில் கப்பல் மூழ்கியது. இருந்த 24 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பவுவருக்கு 36 வயது. குழந்தைக்கு மூன்று.

1922-ல்தான் கப்பலை மேலே தூக்கினார்கள். பிறந்த ஊரிலேயே குடும்பத்தை அடக்கம் செய்தார்கள். இன்று யோன்ஷோப்பிங் அருங்காட்சியகம் அவருடைய படங்களைப் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறது.

ஒரு கயிறு ஒழுங்காகக் கட்டியிருந்தால்... என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பொறியாளன் செய்யும் வேலை சின்னது என்று இனி யாராவது சொல்லட்டும், பார்ப்போம்!

நண்பர்களே! பம்பை ஆற்றங்கரையில் நம்ம ஆயாக்கள் சொன்ன முனிகளும் கன்னிமாரும் இன்னும் படமாகவில்லை. சொல்லத் தெரிந்த ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் டிராயிங் போர்டு இருக்கிறது, டி-ஸ்கொயர் இருக்கிறது, பென்சிலும் இருக்கிறது. வரப்போகிற லீவில் ஒரு ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைத் தபால் தலை அளவுக்காவது வரைந்து வையுங்கள். கீழே உங்கள் பேரை மறக்காமல் போடுங்கள்!