ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் சத்தம்: திருவனந்தபுரம் ஃபிளாட்டில் அதை எடுக்க முடியுமா?

டெக்னோபார்க்கில் வேலை, கழக்கூட்டம் பக்கம் வாடகை ஃபிளாட், சனிக்கிழமையானால் கையில் எலக்ட்ரிக் கிட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி வாசிக்கணும் என்று ஒரு ஃபஸ் பெடலும் வாங்கிவிட்டீர்கள். எல்லாக் குமிழையும் முழுசா திருப்பியாச்சு. வருவது என்னவோ தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டின் சத்தம்தான். தப்பு எங்கே? விடை அவருடைய கதையிலேயே இருக்கிறது.

யார் இந்த ஹெண்ட்ரிக்ஸ்?

1942 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். வறுமையான குடும்பம். 15 வயதில் தாயை இழந்தார். துடைப்பத்தைக் கிட்டாராக நினைத்து மீட்டிக்கொண்டிருந்த பையனுக்கு முதலில் கிடைத்தது, ஒரே ஒரு கம்பி மிஞ்சியிருந்த பழைய உக்குலேலே. பிறகு 5 டாலருக்கு ஒரு கிட்டார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், வலது கைக்காரர்களின் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது.

1961-ல் ராணுவத்தில் சேர்ந்து, மறு வருஷமே வெளியே வந்தார். லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் ஆகியோரின் குழுக்களில் பின்வரிசையில் நின்று வாசித்தார். 1966 செப்டம்பரில் லண்டன் போன பிறகுதான் எல்லாம் மாறியது.

அந்தச் சத்தம் எப்படி உருவானது?

லண்டனில் அவருக்குக் கிடைத்தது 100 வாட் மார்ஷல் ஆம்ப். குமிழ்களைப் பெரும்பாலும் முழு அளவில் வைப்பார். அந்த நிலையில் ஆம்பே கரகரக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வா-வா பெடல், ஃபஸ் ஃபேஸ். ரோஜர் மேயர் செய்துகொடுத்த ஆக்டேவியா, ஒரு ஆக்டேவ் மேலே உள்ள ஸ்வரத்தையும் சேர்த்து ஒலிக்கும். 1967-ல் வந்த ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டின் சோலோவில் கேட்பது அதுதான். 1969 உட்ஸ்டாக் மேடையில் யூனி-வைப். துடிக்கும் ஒரு சின்ன பல்பும் அதைச் சுற்றி 4 ஒளி உணரிகளும்தான் அதன் சூட்சுமம்.

ஆனால் முக்கியமான குமிழ் கிட்டாரிலேயே இருந்தது. வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் அடங்கி, மணி மாதிரி தெளிவான ஒலி வரும். கூட்டினால் கர்ஜிக்கும். பெடலைக் காலால் அணைக்காமலே, சுண்டு விரலால் இதைச் செய்யலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

100 வாட் ஆம்பை ஃபிளாட்டில் முழுசா திறந்தால் அசோசியேஷன் கூட்டம் கூடிவிடும். அதனால் குறைந்த வாட் வால்வு ஆம்ப், அல்லது ஹெட்போனில் மார்ஷல் பிளெக்ஸி மாடல் வைத்த ஆப். ஆம்ப் லேசாகக் கரகரக்கும் வரை கெயினைக் கூட்டுங்கள். சுத்தமான ஆம்பில் ஃபஸ் போட்டால்தான் அந்த வண்டுச் சத்தம். ஃபஸ்ஸை முக்கால் அளவில் வையுங்கள். ரிதத்துக்கு கிட்டார் வால்யூம் 6 அல்லது 7, சோலோவுக்கு 10. கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே பஃபர் உள்ள ட்யூனர் பெடல் வேண்டாம். இருந்தால் வால்யூம் குமிழ் வித்தை பலிக்காது.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில். முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். சூடு ஏற ஏற அதில் மின்கசிவு கூடும், ஒலி மாறும். லண்டன் குளிரில் ஒழுங்காக இருப்பது, திருவனந்தபுரத்தின் மார்ச் மதியத்தில் முரண்டு பிடிக்கும். ஏசி இல்லாத அறை என்றால் சிலிக்கான் ஃபஸ் வாங்குவது நல்லது. ஹெண்ட்ரிக்ஸே பிற்பாடு சிலிக்கான் ஃபஸ்ஸும் பயன்படுத்தினார்.

1970 செப்டம்பர் 18 அன்று, 27 வயதில் லண்டனில் இறந்தார். அந்த ஊரில் வந்து இறங்கி 4 வருஷம்கூட முழுசா ஆகவில்லை. அதற்குள் 3 ஸ்டூடியோ ஆல்பங்கள். அடுத்த பெடலுக்குக் கார்டைத் தேய்க்கும் முன், இருக்கிற ஒன்றை வைத்து ஒரு மாசம் அந்த வால்யூம் குமிழைப் பழகிப் பாருங்கள். ஒற்றைக் கம்பியில் தொடங்கியவரின் சத்தம் அது.