குழந்தைகளின் குடியரசு கண்ட கோர்ச்சாக்

குடிமை என்னும் சொல் திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராக நின்று, நற்குடிப் பிறந்தாரின் இயல்பைச் சுட்டுகின்றது. இன்றோ அச்சொல் பிறப்பை விட்டு நீங்கி, ஒரு நாட்டில் வாழ்வார் அனைவர்க்கும் உரிய உரிமையையும் கடமையையும் குறிக்க வந்துவிட்டது. சொல்லின் பொருள் விரிந்த அளவுக்கு அதனைக் கற்பிக்கும் முறை விரிந்துளதா என்பது ஐயமே. வாக்குரிமைக்குரிய வயது எத்தனை, நாடாளுமன்றத்தில் அவைகள் எத்தனை என மனப்பாடம் செய்து எழுதும் மாணவன், தன் வகுப்பறையில் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எங்கே முறையிடுவது என்பதை அறியாதவனாகவே இருக்கக் காண்கிறோம். குடிமையைப் பாடநூலிலிருந்து எடுத்துக் குழந்தைகளின் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்த்த பெருமகனார் ஒருவர் போலந்து நாட்டில் வாழ்ந்தார். யானுஷ் கோர்ச்சாக் என்னும் அவரை உலகம் பெரிதும் அவருடைய சாவினால் அறிந்திருக்கின்றது. அச்சாவுக்கு முன்னர் முப்பது ஆண்டுகள் அவர் செய்த பணியே இங்குச் சொல்லத்தக்கது.

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் 1878ஆம் ஆண்டிலோ 1879ஆம் ஆண்டிலோ பிறந்தார். பிறப்பைப் பதிவு செய்வதில் தந்தையார் காட்டிய தாமதத்தால் ஆண்டு உறுதிப்படவில்லை. தந்தையார் யூசெஃப் புகழ்பெற்ற வழக்கறிஞர். பின்னர் மனநோய்க்கு ஆளாகி 1896இல் மறைந்தார். வளமாக வாழ்ந்த குடும்பம் வறுமையுற, மாணவராயிருந்த ஹென்ரிக் பிற பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்து வீட்டுச் செலவைத் தாங்கினார். அந்நாளில் வார்சா உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழிக்கு இடமில்லை, பிரம்புக்கு இடமுண்டு. ஆணையிடும் பள்ளியையும் ஆணையிடும் அரசையும் ஒருங்கே கண்டு வளர்ந்தவர் அவர்.

1898இல் ஒரு நாடகப் போட்டிக்காகப் புதினம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயரே யானுஷ் கோர்ச்சாக் என நிலைத்தது. மருத்துவம் பயின்று 1905இல் பட்டம் பெற்றார். உருசிய சப்பானியப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியபின், வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனையில் சில ஆண்டுகள் இருந்தார். ஏழைச் சிறுவர்களுக்கான கோடை முகாம்களில் பொறுப்பாளராகச் சென்றமை அவர் வாழ்வைத் திருப்பியது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிய குழந்தை அதே பசிக்கும் அதே இருட்டறைக்கும் திரும்பிச் செல்வதைக் கண்ட மருத்துவர், மருத்துவமனையை விட்டு ஆதரவற்ற சிறார் இல்லத்துக்குச் சென்றதில் வியப்பில்லை.

1912இல் குரோக்மல்னா தெருவின் 92ஆம் எண் மனையில் புதிதாகக் கட்டப்பெற்ற 'தோம் சியெரோத்' என்னும் யூத அநாதைச் சிறார் இல்லத்திற்கு அவர் இயக்குநரானார். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு வாழ்ந்தனர். அவரோடு தோள் கொடுத்தவர் பெல்சியத்தில் கல்வி பயின்று வந்த ஸ்தெபானியா வில்ச்சின்ஸ்கா அம்மையார். கோர்ச்சாக்கைப் பற்றி எழுதுவோர் இவ்வம்மையாரை ஒரு வரியில் கடந்து விடுவது வழக்கமாயிருக்கின்றது. அவரோ நூல் எழுதினார், வானொலியில் பேசினார், முதல் உலகப்போரின்போது ஆண்டுக்கணக்கில் படையில் இருந்தார். அக்காலமெல்லாம் இல்லத்தைக் காத்து நடத்தியவர் அம்மையாரே.

புதிய இல்லத்தின் முதலாண்டு இனிதாக அமையவில்லை. வெந்நீர்க் குழாயும் பளிங்கு போன்ற தரையும் கண்ட குழந்தைகள் மகிழ்வர் என எதிர்பார்த்தார்; அவர்கள் புதிய ஒழுங்குகளை எதிர்த்துக் கலகம் செய்தனர். அன்பு ஒன்றே போதும் என்று கருதியிருந்த நல்லெண்ணம் தோற்றது. கோர்ச்சாக் உருவாக்கிய தன்னாட்சி முறை இத்தோல்வியில் முளைத்தது என்பது கருதத்தக்கது.

அம்முறையின் நடுவில் நின்றது குழந்தைகளின் நீதிமன்றம். யாரும் யார்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பெயரை அதற்கெனத் தொங்கிய பலகையில் எழுதினால் போதும். தன்மீதே வழக்குத் தொடுத்துக் கொள்வதற்கும் இடமிருந்தது. அந்த வாரத்தில் தம்மீது வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளிலிருந்து ஐவர் குலுக்கல் முறையில் நீதிபதிகளாயினர். சட்டத்தொகுப்பையோ கோர்ச்சாக்கே எழுதினார். அதன் முதல் 99 பிரிவுகளும் விடுவிப்பன, மன்னிப்பன. தவறு அறியாமல் நேர்ந்தது, முதல் முறை நேர்ந்தது, வருந்தியாயிற்று, கேலியாகச் செய்தது என ஒவ்வொரு காரணத்திற்கும் ஒவ்வொரு பிரிவு. அதன்பின் எண்கள் நூறு நூறாகத் தாவும். 200ஆம் பிரிவு செய்தது சரியன்று என்று மட்டும் கூறும். மேலே செல்லச் செல்லக் கண்டிப்பு மிகும். தீர்ப்பு செய்தித்தாளில் வரும், வீட்டாருக்குக் கடிதம் போகும். 900ஆம் பிரிவுக்கு ஆளானவருக்காகப் பொறுப்பேற்க இன்னொரு குழந்தை முன்வர வேண்டும். 1000ஆம் பிரிவு ஒன்றே வெளியேற்றம். ஆக மொத்தம் 109 பிரிவுகளே கொண்ட இத்தொகுப்பில் அடியும் இல்லை, பட்டினியும் இல்லை.

இம்மன்றத்தின் முன் பெரியவர்களும் நின்றனர் என்பதில்தான் அதன் உயிர் இருக்கின்றது எனலாம். கோர்ச்சாக் ஆறு மாத காலத்தில் ஐந்து முறை வழக்கில் நின்றார். ஒரு சிறுவனை அறைந்தது, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, நீதிபதி ஒருவரை இழிவாகப் பேசியது, திருட்டில் ஒரு சிறுமியை ஐயுற்றது ஆகியனவே அக்குற்றங்கள். அவற்றை மறைக்காமல் தம் நூலிலேயே பதிவு செய்தார். சட்டம் எழுதியவரும் சட்டத்திற்கு உட்பட்டவர் என்பதை அரசியல் சட்ட நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. குரோக்மல்னா தெருவின் எட்டு வயதுக் குழந்தை அதைக் கண்ணால் கண்டது.

இம்முறை தங்குதடையின்றி ஓடியதென்று கருதலாகாது. பழி தீர்க்கவும் விளையாட்டாகவும் அற்ப வழக்குகள் குவிந்தன. தீர்ப்பை எள்ளி நகையாடினோர் உண்டு. ஒரு கட்டத்தில் கோர்ச்சாக் மன்றத்தைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார். பின்னர்ச் சில திருத்தங்களோடு மீண்டும் தொடங்கினார். நிறுவனம் ஒன்று பழுதுபடின் அதனை ஒழிக்காது திருத்துவது என்பதும் குடிமைப் பயிற்சியே.

நாடாளுமன்றம், அறிவிப்புப் பலகை, வாரச் செய்தித்தாள், வேலைப் பங்கீடு ஆகியவையும் இருந்தன. புதிதாக வரும் குழந்தைக்கு ஏற்கெனவே அங்கு வாழும் ஒரு குழந்தை மூன்று மாதம் காப்பாளராக இருக்கும். பின்னர் அக்குழந்தையைப் பற்றி மற்றவர்கள் வாக்களிப்பர். அவ்வாக்கின்படி அதன் குடிமைநிலை அமையும். இதில் எனக்கு உடன்பாடில்லை. தாயை இழந்து வந்த பிள்ளையை நூறு பேர் வாக்கிட்டு எடைபோடுதல் கொடிதன்றோ? காலம் செல்ல மறுவாக்கெடுப்பில் நிலை உயர வழியிருந்தது என்பது உண்மையே. எனினும் பெரும்பான்மையின் கருத்து ஒரு குழந்தையின் மேல் எத்துணைச் சுமையாக இறங்கும் என்பதைக் கோர்ச்சாக் போதிய அளவு எண்ணினாரா என்னும் கேள்வி எஞ்சவே செய்கின்றது.

1918இல் போலந்து விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே மரீனா ஃபால்ஸ்கா அம்மையாரோடு சேர்ந்து, போலந்துத் தொழிலாளர் குழந்தைகளுக்கென 'நாஷ் தோம்' என்னும் இல்லத்தையும் இம்முறையிலேயே நடத்தலானார். 1923இல் வெளியான அவருடைய 'மன்னன் முதலாம் மத்தியாஸ்' என்னும் சிறுவர் புதினத்தில், முடிசூடிய சிறுவன் ஒருவன் குழந்தைகளுக்கு நாடாளுமன்றம் அமைக்கின்றான். பெரியவர்கள் பள்ளிக்குச் செல்ல, நாடு சீர்குலைகின்றது. தம் கொள்கையின் இடர்ப்பாட்டைத் தாமே கதையாக்கியவர் என்ற வகையில் அந்நூல் அவருடைய நேர்மைக்குச் சான்று. 1926 அக்டோபரில் 'நாஷ் ப்ஷெக்லோந்த்' என்னும் யூத நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாக, 'மாவி ப்ஷெக்லோந்த்' என்ற குழந்தைகள் இதழைத் தொடங்கினார். எழுதியோர் குழந்தைகளே, நாடெங்கிலுமிருந்து சிறுவர் செய்தியாளர்கள் தத்தம் பள்ளியையும் தெருவையும் வீட்டையும் பற்றி எழுதி அனுப்பினர். 1939 செப்டம்பர் முதல் நாள், செர்மானியப் படை போலந்தில் நுழைந்த அன்று, அதன் கடைசி இதழ் வந்தது.

கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதினான்கு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகளை வரவேற்ற நாட்டில், முறையிட்டால் கேட்கும் மன்றம் இல்லை. 1930களில் யூத வெறுப்பு ஓங்கியது. 'முதிய மருத்துவர்' என்ற பெயரில் அவர் வழங்கிய வானொலி உரைகள் 1936இல் நிறுத்தப்பட்டன. நாஷ் தோம் இல்லத்தோடு கொண்ட தொடர்பும் அவ்வாண்டில் அற்றது. 1937இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்க்குத் தனி இருக்கை வகுக்கப்பட்டது. நீதியைப் பழகிய குழந்தைகளை நீதியற்ற உலகத்துக்கு அனுப்புதல் தகுமா? கோர்ச்சாக்கின் முறையை மறுப்போர் கேட்கும் இக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. ஆனால் அநீதியைப் பழக்கி அனுப்புவதால் அவ்வுலகம் திருந்திவிடுமா என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

1940 நவம்பரில் இல்லம் வார்சாவின் யூதச் சேரிக்குள் தள்ளப்பட்டது. யூதர் அணிய வேண்டிய கைப்பட்டையை அணிய மறுத்த கோர்ச்சாக் சிறையும் கண்டார். பாதுகாப்பான பாலத்தீனத்திலிருந்து 1939இல் தாமே திரும்பி வந்திருந்த வில்ச்சின்ஸ்கா அம்மையார் உடனிருந்தார். பசியும் நோயும் சூழ்ந்த நிலையில், 1942 சூலை 18 அன்று குழந்தைகள் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' என்னும் நாடகத்தை நடித்தனர். நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் அமல், சாளரத்தின் வழியே உலகைக் கண்டு, மன்னரின் மடலுக்குக் காத்திருக்கும் கதை அது. வங்கத்தில் பிறந்த நாடகம் அங்கே எந்தப் பொருளில் ஒலித்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மூன்று வாரத்திற்குள், ஆகஸ்டு முதல் வாரத்தில், ஏறத்தாழ இருநூறு குழந்தைகள் தொடர்வண்டி நிலையத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். தப்பிச் செல்ல நண்பர்கள் காட்டிய வழிகளை மறுத்த கோர்ச்சாக்கும், வில்ச்சின்ஸ்காவும் பிற ஊழியர்களும் அவர்களோடு சென்றனர். திரெப்ளிங்கா முகாமில் அனைவரும் கொல்லப்பட்டனர். அவ்விடத்தின் நினைவுச் சின்னத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கான கற்களுள் சிலவற்றில் ஊர்ப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தனி மனிதர் பெயர் தாங்கிய ஒரே கல் அவருடையது. அதிலும் அவர் பெயரோடு குழந்தைகளும் குறிக்கப்பெற்றுள்ளனர்.

குழந்தை உரிமைகள் குறித்த உடன்படிக்கை வேண்டும் என 1978இல் ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்தது போலந்து நாடே. 1989 நவம்பர் 20 அன்று அது ஏற்கப்பட்டது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. தன்னைப் பற்றிய காரியங்களில் குழந்தை தன் கருத்தைக் கூறலாம், அதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்பது அதன் 12ஆம் பிரிவு.