முரசுக்காகப் பதவியிழந்த ஆசிரியர் எப்ராயிம் ஆமு

மேற்கு ஆபிரிக்காவின் முரசையும் நடனத்தையும் இன்று இசையறிஞரும் மொழியியலாளரும் மானிடவியலாளரும் ஒருங்கே ஆராய்கின்றனர். அதே முரசை நேசித்த காரணத்தால் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் தொழிலையே இழக்க நேர்ந்த காலமும் இருந்தது. அவரே கானா நாட்டு எப்ராயிம் ஆமு.

1899 செப்டெம்பர் 13ஆம் நாள், அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட அந்நாட்டின் பெக்கி-அவேட்டிலேயில், ஏவே இனத்தில் பிறந்தார். அபெட்டிபியில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின், 1926இல் அக்ரொப்பொங் பிரெஸ்பிட்டேரியன் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கு அவரை வருத்திய விடயத்தைச் சற்று விளக்க வேண்டும். அப்பகுதியின் த்வி மொழியில் ஒரே சொல், குரல் உயர்ந்தால் ஒரு பொருளும் தாழ்ந்தால் வேறு பொருளும் தரும். மிஷனரிமார் ஐரோப்பிய மெட்டுக்களில் இச்சொற்களைப் பொருத்தியபோது, சொல் தாழவேண்டிய இடத்தில் மெட்டு உயர்ந்தது. மக்கள் பக்தியோடுதான் பாடினர். பாட்டின் பொருளோ சிதைந்தது. ஊர் முரசுக்காரர் இத்தவறைச் செய்யவில்லை. அத்தும்பான் என்பது உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியுமுடைய இரட்டை முரசு. பேச்சின் ஏற்ற இறக்கத்தை அது அப்படியே ஒலிப்பதால், கேட்போர் பழமொழியையும் பெயரையும் அறிந்துகொள்வர். முரசு பேசுகிறது என்பது அங்கே வெறும் உவமையன்று!

ஆமு நாட்டுப் பாடல்களைச் சேகரித்தார். சொல்லின் தொனிக்கு இசைந்த மெட்டில், ஆபிரிக்கத் தாளத்தில், பல குரற் பாடல்கள் இயற்றினார். ‘யென் அரா அசாசே நி’ என்னும் நாட்டுப்பற்றுப் பாடல் 1929இல் பிறந்தது. வழிபாட்டில் முரசையும் புகுத்தினார். 1931இல் கோட்டும் சூட்டும் அணியாது, நாட்டு ஆடையோடு பிரசங்க மேடையேறினார். சபைப் பெரியோர் பொறுக்கவில்லை. 1933இல் அவர் பதவி பறிக்கப்பட்டது.

அப்பெரியோரைத் தீயவர் என்று நாம் தள்ளிவிடலாகாது. முரசு பழைய தெய்வ வழிபாட்டோடு ஒட்டியிருந்ததால் அஞ்சினர். ஆயினும் ஆடையையும் ஓசையையும் விசுவாசத்தோடு குழப்பியது பிழையே. சரியாக முப்பது ஆண்டுகளின் பின், 1963இல், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைக்கு வழிபாட்டில் உரிய இடம் அளிக்குமாறு நமது இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது.

ஆமு சோர்ந்துவிடவில்லை. 1934இல் அச்சிமோட்டா கல்லூரி அவரை ஏற்றது. 1937 முதல் 1940 வரை லண்டன் றோயல் இசைக் கல்லூரியில் பயின்றார். மேனாட்டுக் கல்வி அவரை மேனாட்டவராக்கவில்லை. அத்தெந்தெபென் என்னும் மூங்கிற் குழலுக்கு மறுவாழ்வு தந்தவரும் அவரே. 1960களில் லெகோனிலுள்ள கானாப் பல்கலைக்கழகத்தின் ஆபிரிக்கவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இசை, நடனம், வரலாறு, மொழி யாவும் அங்கு ஒரே கூரையின் கீழ் ஆராயப்பட்டன. அந்நிறுவனத்தின் குவபெனா இங்கெத்தியா, அக்கான் மக்களின் முரசுகளைப் பற்றிய தமது நூலை 1963இல் வெளியிட்டார்; ஆமுவின் பாடல்களால் ஈர்க்கப்பட்டவர் அவர்.

1995 ஜனவரி 2ஆம் நாள், தமது 95ஆம் வயதில், ஆமு காலமானார். பின்னர் கானா அரசு வெளியிட்ட 20,000 செடி நாணயத்தாளில் அவரது உருவம் இடம்பெற்றது.