இமாம் ஷாமில்

காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் இடையே மதிலென நீண்டு கிடப்பது காகசஸ் மலைத்தொடர். அதன் கிழக்குப் பகுதியாகிய தாகெஸ்தானில், கிம்ரி என்னும் சிற்றூரில் 1797-இல் பிறந்தவர் ஷாமில். அக்காலத்தில் ருஷிய ஜார் சக்கரவர்த்திகள் அம்மலைநாட்டைக் கைப்பற்றப் படைமேல் படை அனுப்பி வந்தனர். 1834-இல் ஷாமில் மலைவாசிகளுக்கு இமாமானார். மார்க்கத் தலைமையும் படைத் தலைமையும் அவருடையவாயின.

1839-இல் அகுல்கோ மலைக்கோட்டையை ருஷியர் முற்றுகையிட்டனர். குடிநீரும் அரிதாயிற்று. சமாதானம் பேச வேண்டுமாயின் மூத்த மகனைப் பிணையாகத் தர வேண்டும் என்றனர். சிறுவனான ஜமாலுதீனைத் தந்தை அனுப்பினார். சமாதானமோ கைகூடவில்லை; ஷாமில் தப்பினார்; பாலகன் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தான். அங்கே சக்கரவர்த்தியின் ஆதரவில் கல்வி கற்று ருஷியப் படை அதிகாரியுமானான்.

மகனை மீட்கும் வழியைத் தந்தை தேடிய வண்ணம் இருந்தார். 1854-இல் அவருடைய வீரர்கள் ஜார்ஜிய இளவரசிமார் இருவரைச் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அவர்களை விடுவித்து மகனைப் பெற்றார். வந்தவனுக்குத் தாய்மொழியே மறந்திருந்தது. தந்தையின் வீடு அவனுக்கு அந்நிய தேசமாயிற்று. 1858-இல் காச நோயால் இறந்தான். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

மறு ஆண்டு குனிப் மலையில் ஷாமில் சரணடைந்தார். மேற்கே கருங்கடலோரத்துச் சர்க்காசியரிடையே 1848 முதல் அவருடைய பிரதிநிதியாயிருந்த முகம்மது அமீனும் அவ்வாண்டே பணிந்தார். கிழக்கே வேலை முடிந்த ருஷியப் படை மேற்கே திரும்பிற்று. சர்க்காசியர் மேலும் ஐந்தாண்டுகள் போராடினர். 1864 மே மாதத்தில் க்பாதா பள்ளத்தாக்கில் ருஷியர் வெற்றி அணிவகுப்பு நடத்தினர். ஊர்கள் எரிக்கப்பட்டன, குடிகள் கடற்கரைக்கு விரட்டப்பட்டனர். துருக்கிக்குக் கப்பலேறியவர் நான்கு லட்சத்துக்கு மேல் என்று ருஷியர் எழுதிய கணக்கே கூறுகிறது. கரையில் பசியாலும், கப்பலில் நெரிசலாலும், டிரபிசோன், சாம்சன் துறைமுகங்களில் அம்மையாலும் விஷக்காய்ச்சலாலும் மாண்டவர் ஏராளம்.

அவ்வேளையில் ஷாமில் மாஸ்கோவுக்குத் தென்மேற்கே கலுகா நகரில், அரசாங்கம் அளித்த வீட்டில், உபகாரச் சம்பளத்துடன் கௌரவமாக வாழ்ந்து கொண்டிருந்தார். தலைவருக்குக் கிட்டிய மரியாதை எளிய குடிகளுக்குக் கிட்டவில்லை. 1866-இல் ஜாருக்கு விசுவாசப் பிரமாணமும் செய்தார். அதனை அவர்மேல் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் அனுமதி பெற்று மெக்கா யாத்திரை சென்றவர் 1871-இல் மதீனாவில் காலமானார். அவருடைய புதல்வருள் காஜி முகம்மது துருக்கிப் படையிலும், முகம்மது ஷாபி ருஷியப் படையிலும் தளபதிகளாயினர்.