247 எழுத்துகளை 46 விசைக்குள் அடக்கியவர்: யார் இந்த ஆர். முத்தையா?

கணினியிலோ கைப்பேசியிலோ தமிழ் தட்டச்சு செய்ய, தமிழ்99, அஞ்சல், பழைய தட்டச்சு என்று பல விசைமுகங்கள் இருக்கின்றன. கைக்கு எது வசதியோ அதைத் தேர்ந்துகொள்கிறோம். ஆனா, ஒரு காலத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுகூட இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே, அரசாங்க எழுத்தர்களுக்காக 1905-இல் 'நூறு வீடுகள்' குடியிருப்பு கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் எழுத்தர் வேலைக்கு மலாயா வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அலையில் 1907-இல் வந்தவர்தான் முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். பிறகு சிங்கப்பூர் போய், ரயில்வேயில் சிறிது காலமும், தனியார் நிறுவனமொன்றில் தலைமை எழுத்தராக 1930 வரையும் வேலை பார்த்தார்.

அலுவலகத்தில் ஆங்கிலத்துக்கு இயந்திரம் இருந்தது. தமிழுக்கு இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விதான் அவரை விடவில்லை.

சிக்கல் என்ன?

தமிழில் 247 எழுத்துகள். இயந்திரத்தில் 46 விசைகள். ஒரு விசைக்கு இரண்டு என்று வைத்தாலும் 92 இடம்தான். அதனால் ா, ெ போன்ற குறிகளை எழுத்திலிருந்து பிரித்துத் தனி விசைகளில் வைத்தார்.

அதிலும் 'கி', 'க்' இடித்தன. விசையைத் தட்டினால் தாள் நகர்ந்துவிடும்; மேலே வரவேண்டிய குறி பக்கத்தில் போய் விழும். இதற்கு அவர் கண்ட வழி 'நகரா விசை'. முதலில் குறியைத் தட்டணும், தாள் அசையாது. அடுத்து 'க' தட்டினால் அதே இடத்தில் போய் உட்காரும். என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை இதுதான்.

இயந்திரங்கள் ஜெர்மனியில் தயாராகி வந்தன. கையில் தூக்கிப் போகக்கூடிய 'பிஜோ'வும் அதில் ஒன்று.

இப்போது அந்த முறை எங்கே?

கணினிக்கு நகரும் தாள் கிடையாது. குறியை முதலில் தட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99-இல் மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் போதும்; 'க' இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக வந்து 'க்க' ஆகிவிடும்.

இருந்தாலும் தட்டச்சு வகுப்பில் 'யளனகப' என்று விரல் பழகியவர்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது. அவர்களுக்காகவே பழைய தட்டச்சு விசைமுகத்தையும் தமிழ் மென்பொருள்கள் விடாமல் வைத்திருக்கின்றன.