டாக்டர் தாலிமெரென் ஆவோ

விற்ற சரக்கை நாம் பேரேட்டில் எழுதுகிறோம். எலியிடமிருந்தும் மழையிலிருந்தும் காத்த சரக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. காற்பந்து ஆட்டத்திலும் அதுவே வழக்கம். கோல் போட்டவர் பெயர் நிற்கும். போடவிடாமல் தடுத்தவர் பெயர் மறைந்து போகும். அப்படி மறைந்து வரும் பெயர்களில் ஒன்று தாலிமெரென் ஆவோ.

அவர் 1918-ம் வருடம் ஜனவரி 28-ந் தேதி நாகர் மலையில் சாங்கி என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். தம் பிள்ளை வைத்தியம் படித்து, மலை ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டுமென்பது அவர் ஆசை. அதைக் காணாமலே விஷ ஜுரத்தில் காலமாகிவிட்டார்.

மகன் கல்கத்தாவுக்கு வந்து கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1943-ல் பெயர்பெற்ற மோகன் பகான் குழு அவரைச் சேர்த்துக் கொண்டது. படிப்பும் நடந்தது, ஆட்டமும் நடந்தது. வெறுங்காலுடன் தற்காப்பில் நின்று, பூட்ஸ் அணிந்த எதிரிகளையும் தடுத்தார்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் கொடியை அணிவகுப்பில் ஏந்திச் சென்றவர் இவரே; காற்பந்துக் குழுவின் தலைவரும் இவரே. ஜூலை 31-ந் தேதி பிரான்சுடன் ஆட்டம். நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். ஆனால் இரண்டு பெனால்டிகள் வீணாயின. முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் போட்டு, 2-1 என்று ஜெயித்தது. தோற்றாலும் லண்டன் ஜனங்கள் வெறுங்கால் வீரர்களை வியந்து பாராட்டினார்கள்.

அந்தப் புகழை வைத்துக் கொண்டு கல்கத்தாவிலேயே அவர் சுகமாக இருந்திருக்கலாம். அவரோ 1950-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். பிறகு தம் மலைக்கே திரும்பி, கோஹிமா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்தார். நாகாலாந்து தனி மாநிலமான பின் அதன் சுகாதார இலாகாவுக்கு டைரக்டராக உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பரில், எண்பதாவது வயதில் காலமானார்.

கைதட்டல் கேட்கும் இடத்தை விட்டு, தகப்பனார் விரும்பிய இடத்துக்குப் போனவர் அவர். அங்கும் அவர் செய்தது தற்காப்பு வேலைதான். நம் பிள்ளைகளுக்குக் கோல் போட்டவர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். கடையடைத்து வீட்டுக்குப் போனதும் இவர் பெயரையும் ஒரு நாள் சொல்லி வையுங்கள்.