சாம்பல் ஆண்டில் ஒரு கலீபா

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13-ல் (கி.பி. 634) கிலாஃபத் பொறுப்பேற்றார்கள். அன்னாரின் போர் வெற்றிகளை நாம் அறிவோம். பசியை எதிர்த்து அவர்கள் நடத்திய போரும் அறியத் தக்கதேயாகும்.

ஹிஜ்ரி 18-ல் ஹிஜாஸில் மழை பொய்த்தது. காற்றில் மண் சாம்பலெனப் பறந்தமையால் அதற்கு ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு என்ற பெயர் ஏற்பட்டது. பாலைவாசிகள் குடும்பம் குடும்பமாக மதீனாவின் புறத்தே வந்து தங்கினர்.

பைத்துல்மாலில் இருந்ததைக் கலீபா அவர்கள் பகிர்ந்தளித்தார்கள். அது போதாதெனக் கண்டதும் ஆளுநர்களுக்குக் கடிதம் விடுத்தார்கள். ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகங்களில் உணவு கொணர்ந்தார்கள். பங்கிடும் பொறுப்பும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

உணவு வந்தால் மட்டும் போதுமா? உரியவரின் கையைச் சேர வேண்டுமே! வரும் ஒட்டகங்களை வழியிலேயே எதிர்கொண்டு, பாலைவாசிகளின் இருப்பிடங்களிலேயே மாவு வழங்கிட ஆட்கள் அனுப்பப்பட்டனர். மதீனாவைச் சூழ்ந்திருந்தோரைக் கவனிக்க நால்வர் நியமிக்கப்பட்டனர். மாலைதோறும் அவர்கள் கலீபாவிடம் நிலைமையைத் தெரிவித்தனர். ஓர் இரவில் வந்து உண்டோர் 7,000 பேர் என்றும், வர இயலாத நோயாளிகள், பெண்கள், குழந்தைகள் 40,000 பேர் என்றும் எண்ணப்பட்டதாக இப்னு சஅத் குறிப்பிடுகிறார். வராதவர்களையும் எண்ணச் செய்தார்களே, அதுவன்றோ ஆட்சி!

மக்கள் வளம்பெறும் வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லையென அவர்கள் உறுதி பூண்டார்கள். எண்ணெயையே உண்டு வந்ததால் அன்னாரின் மேனி கறுத்தது. அவ்வாண்டு ஜகாத் வசூலையும் ஒத்திவைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டினார்கள். அல்லாஹ் மழை பொழிவித்தான். வந்திருந்தோர் உணவுடனும் வாகனத்துடனும் ஊர் திரும்பினர்.

பஞ்சம் நீங்கியதும் கலீபா அவர்கள் அதனை மறந்துவிடவில்லை. மிஸ்ரு வெற்றி கொள்ளப்பட்டபின், தூர்ந்து கிடந்த பழைய கால்வாயை அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு மீண்டும் வெட்டச் செய்தார்கள். நைல் நதியையும் செங்கடலையும் இணைத்த அக்கால்வாய் வழியே தானியக் கப்பல்கள் மதீனாவின் துறைமுகமான ஜாருக்கு வந்தன. அங்கே தானியக் களஞ்சியங்கள் எழுப்பப்பட்டு, பெறுவோருக்கு முத்திரையிட்ட சீட்டுகள் வழங்கப்பட்டதாக யஅகூபி எழுதுகிறார்.

ஹிஜ்ரி 23-ல் அன்னார் ஷஹீதானார்கள். அக்கால்வாயோ அப்பாஸிய கலீபா மன்சூர் காலத்தில் அடைக்கப்படும்வரை பயன் தந்தது.

துஆவும் வேண்டும்; தானியமும் வேண்டும். தவக்குல் என்பது முன்னேற்பாட்டைக் கைவிடுவதன்று. பொதுப்பொருளை அமானிதமாகப் பேணி, அண்டை வீட்டாரின் பசியறிந்து வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.